மெஷின் பக்கத்துச் செருப்பு

தெருவில் என் அக்காவுக்குக் கிலுகிலுப்பை என்று பெயர். குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் என்பதால் வைத்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். வாய் ஓயாததற்காக வைத்தது என்று அவளிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் பிள்ளைகளை அவள் வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். ஊட்டுவது, தூங்க வைப்பது, நனைத்த துணியைத் துவைத்து மடித்துக் கொடுப்பது எல்லாம் அவள்தான். மாமா இறந்த பிறகு அவளை நிமிர்ந்து நிற்க வைத்தது இந்தப் பிள்ளைகள்தான்.

அந்த வேலைக்கான லைசென்ஸைப் புதுப்பிக்க, வீடு கரண்ட் பரிசோதனையில் தேற வேண்டும். தேறவில்லை. சமையலறை பிளக்கில் எர்த் வேலை செய்யவில்லை, சுவரை உடைத்து வயரை மாற்றும்வரை பிள்ளைகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பரிசோதகர் எழுதிவிட்டுப் போய்விட்டார். அக்கா விடுவாளா? அவருடைய மீட்டர்தான் கோளாறு என்று ஆபீஸுக்கே போய்ச் சண்டை போட்டு, மறுபடி வந்து பார்க்கவும், அதுவரை பிள்ளைகளை விட்டுவைக்கவும் சம்மதிக்க வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"கொஞ்ச நாள் மூடினாலும் இந்த அம்மாங்க வேற இடம் பாத்துக்குவாங்கடி. அப்புறம் திரும்பி வருவாங்களா?" என்று என்னையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

மறுபடியும் அதே மனிதர்தான் வந்தார். பிள்ளைகள் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்கக் கூடாதென்று ஷூவை வாசலிலேயே கழற்றினார். தரை அப்போதுதான் துடைத்த ஈரம். சாக்ஸையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். சமையலறை மூலையில் வாஷிங் மெஷின் பிள்ளைகளின் துணியோடு ஓடிக்கொண்டிருந்தது.

"இத்தனை வருஷத்துல இந்த வீட்ல ஒருத்தருக்கு ஷாக் அடிச்சிருக்கா? என் தங்கச்சி நிக்கிறா, அவளையே கேளுங்க," என்று அக்கா ஆரம்பித்தாள். நானும் மும்முரமாகத் தலையாட்டினேன். அவர் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. பின்னாலிருந்த பிளக்கை எட்டிப் பார்ப்பதற்காக மெஷின் மேல் கையை ஊன்றப் போனார்.

"சார்! செருப்பு! செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொடுங்க!"

அலறியது அக்காதான்.

அவர் கை அந்தரத்தில் நின்றது. மெஷின் பக்கத்தில் கிடந்த ரப்பர் செருப்பைப் பார்த்தார். அது எப்போதும் அங்கேதான் கிடக்கும். மெஷினைத் தொடுமுன் அவளும் நானும் அதில் காலை நுழைத்துக்கொள்வோம். சாப்பிடுமுன் கை கழுவுகிற மாதிரி ஒரு பழக்கம்.

"எதுக்கும்மா செருப்பு?"

"அது... சும்மா. தொட்டா லேசா சுருக்குங்கும்." சொல்லிவிட்டு அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஷாக்கெல்லாம் இல்ல சார். பிள்ளைங்க இந்தப் பக்கமே வராது."

அலறல் கேட்டு ஒருவன் விழித்துவிட்டான். உருண்டை என்று நாங்கள் கூப்பிடுகிற, இன்னும் சரியாகப் பேச்சு வராத பயல். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவன், துணி சுற்றுவதை வேடிக்கை பார்க்க நேராக மெஷினிடம் போனான். போனவன் நின்றான். தன் குட்டிக் கால்களை ஒவ்வொன்றாக அந்தப் பெரிய செருப்புக்குள் நுழைத்துக்கொண்டான். அப்புறம்தான் கையை நீட்டினான்.

அக்கா பாய்ந்து அவனைத் தூக்கினாள். "யாருடா கண்ணா உனக்குச் சொல்லிக் குடுத்தா? யாரு?"

அவன் மெஷினைக் காட்டினான்.

"கடிக்கும்," என்றான்.

அக்கா அவனை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, சுவரிலிருந்த சுவிட்சை மறு கையால் அணைத்தாள்.

"எழுதிக்குங்க சார்," என்றாள்.