பாகு ஒட்டிய விரல்

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் ஆழ்வார்குறிச்சியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். என் மனைவிக்குச் சர்க்கரை நோய் வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. மாத்திரை போதாமல் தினமும் காலையில் இன்சுலின் போட வேண்டியிருந்தது. ஊசியை நான்தான் போடுவேன். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க வேண்டுமென்றால் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பினால் ஒரு நாள் போய்விடும்.

அந்த வருடம் துபாயிலிருந்து லீவில் வந்த என் மைத்துனர், அக்காவுக்கென்று வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி வந்தார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். கூடவே ஐம்பது ஸ்ட்ரிப் அடங்கிய ஒரு டப்பா. விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்தால் மெஷின் நாற்பத்தைந்திலிருந்து பின்னோக்கி எண்ணும். பூஜ்யம் வந்ததும் சர்க்கரை அளவு எண்ணாக விழும். எங்கள் தெருவே வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆங்கிலத்தில் இருந்த விளக்கத் தாளை இரண்டு சாயங்காலம் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். டப்பாவில் இருக்கும் நம்பரும் மெஷினில் தெரியும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. சரிபார்த்தேன். கிராப் தாள் வாங்கி, தேதி ஒரு பக்கம், சர்க்கரை ஒரு பக்கம் என்று கோடு போட்டுச் சுவரில் ஒட்டினேன். நோய் அவளுக்கு, உற்சாகமெல்லாம் எனக்கு.

முதல் நாளே ஒரு ஸ்ட்ரிப் வீணாகிவிட்டது. விளக்கத் தாளில் சொன்னபடி அவள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தாள். ஆனால் விரலில் ஈரம் போகவில்லை. ரத்தம் சொட்டாக நிற்காமல் தண்ணீரோடு கலந்து ஓடிவிட்டது. மெஷின் எண்ணைக் காட்டாமல் ஏதோ எழுத்தைக் காட்டியது. துபாயிலிருந்து வந்த ஸ்ட்ரிப், இங்கே எங்கே கிடைக்கும் என்றுகூடத் தெரியாது. எனக்குச் சுர்ரென்று வந்தது. "இனிமே கையக் கழுவிட்டு வராத. முந்தானையில தொடச்சிட்டு வந்தாப் போதும்" என்று சட்டம் போட்டேன். வீட்டில் நான் போடும் சட்டத்துக்கு மறுபேச்சு கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

இரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே போனது. நூற்றிருபது, நூற்று முப்பத்தைந்து என்று புள்ளிகள் ஒழுங்காக விழுந்தன. அப்போதுதான் அடுத்த தெருவில் இருக்கும் என் தங்கை வீட்டில் மகளுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் முந்திரிக்கொத்து இல்லாமல் நடக்காது. பெயரில்தான் முந்திரி. வறுத்த பாசிப்பயற்று மாவைக் கருப்பட்டிப் பாகில் கிளறி, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்து, மூன்று மூன்றாகச் சேர்த்து அரிசி மாவில் முக்கி எண்ணெயில் போடுவார்கள். உருண்டை பிடிப்பதில் என் மனைவிக்குக் கை வேகம் அதிகம். விடியற்காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுவாள். ஏழு மணிக்கு நான் வாசலில் நின்று கூப்பிட்டால் வந்து விரலை நீட்டிவிட்டு, ஊசி போட்டு, சாப்பிட்டுவிட்டு மறுபடி போவாள்.

முதல் நாள் எண் இருநூற்றுத் தொண்ணூறு. மெஷினைத் தட்டிப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன்.

"இனிப்பு தின்னியா?"

"ருசிகூடப் பாக்கலங்க. ருசி பாத்துச் சொன்னது ஒங்க தங்கச்சிதான்."

இருநூற்றைம்பதுக்கு மேல் போனால் நாலு யூனிட் கூட்டிப் போடச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். கூட்டிப் போட்டேன். மறுநாள் முந்நூற்றுப் பத்து. மறுபடி நாலு யூனிட் கூடுதல். அன்று ஒன்பது மணிக்கே பசிக்கிறது, கை நடுங்குகிறது என்றாள். சர்க்கரைக்காரர்களுக்குப் பசி அப்படித்தான் இருக்கும், வாயைக் கட்டு என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அவள் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்று சமாளித்திருக்கிறாள். அதை என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன ஆட்டம் ஆடியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் முந்நூற்று எண்பது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"பொய் சொல்லாத. மெஷினுக்கு ஒம்மேல என்ன பகை?"

"தின்னலன்னு சொன்னா நம்ப மாட்டியளா? நம்ம பிள்ளை மேல சத்தியமாத் தின்னல."

"அப்போ இந்த நம்பர் எங்கருந்து வந்துச்சு? ஆகாசத்துலருந்தா?"

அவள் கண் கலங்கியிருந்தது. அதையும் குற்றவாளியின் கண்ணீர் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சீட்டில் இருந்தது நாலு யூனிட். நான் பத்து யூனிட் கூட்டினேன். போதாக்குறைக்கு, தட்டில் இருந்த நாலு இட்லியில் இரண்டை எடுத்துவிட்டேன். "கெளம்பு, டாக்டர் கிட்டயே போய்க் கேப்போம்" என்று கிராப் தாளைச் சுருட்டிப் பையில் வைத்தேன். மெஷினையும் வைத்தேன்.

முக்கூடல் வழியாகத் திருநெல்வேலி போகும் பஸ். அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று நானும் இருந்தேன். முக்கூடலில் ஒரு கருவாட்டுக்கார அம்மாள் காலிக் கூடையோடு ஏறினாள். உவரிக்காரி. சந்தையில் விற்றுவிட்டுத் திரும்புகிறாளாம். கூடையில்தான் கருவாடு இல்லையே தவிர, வாசனை முழுதாக இருந்தது. நாங்கள் சைவம். மூக்கைப் பொத்திக்கொண்டு, "கூடைய அங்கன தள்ளி வையும்மா" என்றேன், வகுப்பில் பையனை விரட்டும் குரலில். அந்த அம்மாள் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, எங்களுக்கு எதிர்ப்பக்க சீட்டில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் என் மனைவி திடீரென்று, "பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்று கேட்டாள். குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். அவள் ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருந்தது. ஆவணி வெயில் என்று நினைத்தேன். தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்தாள். கோபம் இன்னும் இறங்கவில்லை என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விடை தயாராக இருந்தது.

"ஏ அண்ணாச்சி, அவங்களுக்குச் சீனி வியாதியா? ஊசி போடுதாகளா?"

கருவாட்டுக்கார அம்மாள்தான். எழுந்து வந்து என் மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அந்தோணியாரே! ஒடம்பு சில்லுன்னு இருக்கு. எங்க வீட்டு ஆளுக்கும் இப்பிடித்தான் வேர்த்துக் கொட்டும். சீனி எறங்கிட்டு அண்ணாச்சி, எறங்கிட்டு!"

"அதெல்லாம் இல்ல. காலையில முந்நூத்தி எம்பது. இனிப்பு குடுக்கவே கூடாது" என்றேன். சொல்லிக்கொண்டே பையைத் திறந்து மெஷினை எடுத்தேன். பாருங்கள், அப்போதும் மெஷினைத்தான் எடுத்தேன். பஸ் குலுங்கியதில் ஸ்ட்ரிப் கை தவறிக் கீழே விழுந்தது. குனிந்து தேடினேன்.

"அந்த எழவைப் பொறவு பாரும் வே! மொதல்ல ஆளப் பாரும்!"

நிமிர்ந்து பார்த்தேன். என் மனைவியின் கண் பாதி மூடியிருந்தது. அவள் கையில் இருந்த டிக்கெட் நழுவி விழுந்தது. அந்த ஒரு நிமிடத்தில் என் கணக்கெல்லாம் பறந்துவிட்டது. அவள் போய்விடுவாள் என்று தோன்றியது.

அந்த அம்மாள் என்னை இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். மடியில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டை எடுத்துக் கம்பியில் தட்டி நொறுக்கினாள். கண்டக்டர் கொடுத்த தண்ணீரில் கரைத்து, "எம்மா, கண்ணத் தொற. முழுங்குதியா? பைய முழுங்கு. ஆங், அப்பிடித்தான்" என்று துளித்துளியாக வாயில் விட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் விழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்த்த பிறகே அடுத்த வாய். டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பத்து நிமிடம் இருக்கலாம். என் மனைவி கண்ணை விரித்துச் சுற்றும் முற்றும் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க இது, கருவாடு நாறுது?"

பஸ் முழுக்கச் சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது அந்தக் கருவாட்டுக்கார அம்மாள்தான். நான் மட்டும் அழுதேன். நாற்பத்தாறு வயது வாத்தியார், ஊர்க்காரர்கள் நிறைந்த பஸ்ஸில், கர்ச்சீப்பை எடுக்கக்கூடத் தோன்றாமல் அழுதேன். மீதி இருந்த கருப்பட்டியை என் மனைவி குழந்தை மாதிரி வலது கையில் பிடித்துக் கடித்துக்கொண்டே வந்தாள். திருநெல்வேலியில் இறங்கியதும் அந்த அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டேன். "அவங்களுக்குச் சோறு வாங்கிக் குடும், அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உவரி பஸ்ஸைத் தேடிப் போய்விட்டாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

சோறு வாங்கி, ஸ்பூனால் நானே ஊட்டிவிட்டு, அப்படியே டாக்டரிடம் கூட்டிப் போனேன். நடந்ததைச் சொல்லி நான் கிராப் தாளை விரித்ததும் டாக்டர் அதைப் பார்க்காமல் என் மனைவியிடம், "காலையில டெஸ்ட் பண்றதுக்கு முன்னால என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடிச்சேன் சார்."

"கை கழுவினீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். காட்டிக் கொடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். நானே ஒப்புக்கொண்டேன். டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு அவளுடைய இடது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்கச் சொன்னார். கருப்பட்டி பிடித்திருந்த வலது கையை அப்படியே விடச் சொன்னார். என் மெஷினிலேயே இரண்டு விரலையும் பார்த்தார்கள். வலது கை முந்நூற்று நாற்பது. இடது கை நூற்று இருபத்தெட்டு. ஒரே உடம்பு, ஒரே நேரம்.

"மெஷின் சரியாத்தான் சொல்லுது சார். நீங்க ரத்தத்தோட பாகையும் சேத்து அளந்திருக்கீங்க" என்றார் டாக்டர். பிறகு, இனி அவர் சொல்லாமல் ஒரு யூனிட்கூடக் கூட்டக் கூடாது என்று கண்டித்தார். இருபது வருடமாகப் பிள்ளைகளிடம் எழுதிய விடையைச் சரிபார், சரிபார் என்று கத்துகிறவன் நான். நூற்றுக்கு மேல் வித்தியாசம் வந்த விடையை ஒரு தடவை சரிபார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஸ்ட்ரிப் வீணாகிவிடுமே என்று பார்த்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் மெதுவாகக் கேட்டாள். "இப்பமாவது நம்புதியளா?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் பிசுபிசுவென்று இருந்தது. அன்று சாயங்காலம் என் தங்கை வீட்டுக்கு நானே போய், எல்லார் முன்னாலும், "இவ ஒரு வாய் தின்னல. நான்தான் மடையன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தங்கைக்கு அது பெரிய சந்தோஷம். கல்யாணம் முடியும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது என் மனைவிக்கு எழுபது தாண்டிவிட்டது. போன மாதம் மகன் வந்து, நாணயம் மாதிரி ஒன்றை அவள் மேல்கையில் ஒட்டி, என் போனோடு இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். விரலைக் குத்தவே வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சர்க்கரை அளவு போனில் தானாக வருகிறது. கோடும் அதுவே போட்டுவிடுகிறது, என் கிராப் தாளுக்கு வேலை இல்லை.

சென்ற வாரம் மத்தியானம் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது போன் அலறியது. ஐம்பத்து நான்கு. நான் குளுகோஸ் டப்பாவோடு ஓடி அவளை எழுப்பி, "ஒனக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கேன். அந்தக் கையை அழுத்திப் படுத்துட்டேன் போல."

வேர்வை இல்லை, நடுக்கம் இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, பழைய முறையில் விரலைக் குத்திப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு. கையை அழுத்திப் படுத்தால் அப்படித் தவறாகக் காட்டும் என்று மகன் போனில் சொன்னான். அவள் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் டப்பாவை அவள் தலைமாட்டிலேயே வைத்தேன்.

இப்போதெல்லாம் எந்த எண் வந்தாலும் முதலில் அவளைத்தான் கேட்கிறேன். கேட்டால் பதில் சொல்ல இன்றைக்கும் அவள் இருக்கிறாள் என்றால், நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடையைத் தள்ளி வைக்கச் சொன்ன அந்த அம்மாள் மடியில் ஒரு துண்டு கருப்பட்டி இருந்ததால்தான்.