பனிக்கட்டி ஆலையின் சுவரோரத்தில் ஒரு தொட்டில்

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அமோனியா வாடை அடித்தால் யாரும் ஆலைக் குழாயைச் சந்தேகப்பட மாட்டார்கள். கொடியில் தொங்கும் மூத்திரத் துணியைத்தான் சந்தேகப்படுவார்கள். இரண்டு வாடையும் ஏறக்குறைய ஒன்றுதான். இதை எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. என் மகள் பிறந்த பிறகு நானாகத் தெரிந்துகொண்டது.

அப்போது என் கணவர் சுய்யாக் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த சிறிய பனிக்கட்டி ஆலைக்கு மேலாளர். முதலாளி தீவின் தலைநகரான போர்ட் லூயிஸில் இருந்தார். எங்களிடம் ஐஸ் வாங்கியவர்கள் மீன்காரர்கள், லிமோனாத் சோடாக் கடைக்காரர், கல்யாண வீட்டார், காய்ச்சல் கண்ட வீட்டார். பக்கத்துக் கிராமமான சுரினாமில் சில ஆர்பாங் நிலத்தில் கரும்பு வைத்திருந்த என் அப்பாவைப் போன்ற சிறு தோட்டக்காரர்களும் காய்ச்சல் காலத்தில் கோணிச்சாக்கோடு வந்து நிற்பார்கள். கட்டி உருகாமலிருக்கச் சுற்றிலும் கரும்புச் சக்கையைத் திணித்துக் கட்டிக் கொடுப்போம். தூரத்து ஊர்களுக்கு ரயிலில் போகும்.

ஆலை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு எண்ணெய் எஞ்சின், அமோனியாவை அமுக்கும் ஒரு இயந்திரம், உப்புத்தண்ணீர் நிறைந்த நீளத் தொட்டி ஒன்று. நல்ல தண்ணீர் ஊற்றிய தகரப் பெட்டிகள் அந்த உப்புத்தண்ணீருக்குள் நின்று உறையும். உப்புத்தண்ணீரைக் குளிரவைப்பது குழாய்க்குள் ஓடும் அமோனியா. அது குழாய்க்குள்ளேயே சுற்றிச்சுற்றி வரவேண்டும். வெளியே கசிந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரித்துவிடும்.

மேலாளர் எஞ்சின் சத்தம் கேட்கிற தூரத்தில் குடியிருக்க வேண்டும் என்பது முதலாளியின் நிபந்தனை. ஆகவே வீடு ஆலையோடு ஒட்டியிருந்தது. நான் கர்ப்பமாக இருந்தபோது, ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த உப்பு அறையை என் கணவர் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, எங்களுக்குப் படுக்கையறையாக்கினார். உப்பு மூட்டைகள் கொட்டகைக்குப் போயின. கடல்காற்று வராத அறை. குழந்தைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்று அத்தை சொன்னார்கள். அத்தை என் கணவரின் அம்மா, எங்களோடுதான் இருந்தார்கள். எனக்கும் அந்த அறை பிடித்திருந்தது.

மகள் பிறந்தது வெயில் காலத்தில். சன்னல் திறந்தே இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. குளிர்காலம் வந்து அத்தை சன்னலைச் சாத்தச் சொன்னதும், காலையில் எழுந்தால் அந்த வாடை. லேசாக, மூக்கின் நுனியைக் கிள்ளுகிற மாதிரி. குழந்தை தும்மினாள். கண்ணோரம் சிவந்தது. தொட்டிலில் போட்டால் அழுகை, வராந்தாவுக்குத் தூக்கிப்போனால் அமைதி.

"துணிய நல்லா அலசு பொண்ணு. புஸ்தகம் படிச்ச கைக்கு அலசத் தெரியல," என்றார்கள் அத்தை.

அலசினேன். சாம்பல் போட்டு வேகவைத்தேன். எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் ஊறவைத்தேன். காய்ந்த துணியை ஒவ்வொன்றாக முகத்தில் வைத்து மோந்து பார்த்துத்தான் மடித்தேன். ஈரத்துணி வாளியை முற்றத்தின் கடைசிக்குக் கொண்டுபோனேன். வாடை போகவில்லை. என் பால்தான் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று மிளகாயை விட்டேன், பருப்பை விட்டேன். மருந்துச்சாலையில் காட்டினேன். சளி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் கணவரிடம் சொன்னேன். அவர் அறைக்குள் வந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"ஒண்ணும் இல்லையே."

"கொஞ்சம் நின்னு பாருங்க."

"நின்னுதானே பாக்கறேன்? நல்லாத்தான் இருக்கு."

அவர் அசட்டையாக இருந்தார் என்று சொல்லமாட்டேன். அன்றைக்கே கந்தகத் திரியை எடுத்துக்கொண்டு இயந்திரக் கொட்டகைக்குப் போனார். ஐஸ் ஆலைக்காரர்கள் கசிவு தேடுவது அப்படித்தான். திரியைக் கொளுத்திக் குழாயோரமாகக் காட்டிக்கொண்டே போனால், அமோனியா கசிகிற இடத்தில் புகை வெள்ளைவெளேரென்று திரண்டு நிற்கும். இயந்திரத்தில் ஒவ்வொரு மூட்டாகக் காட்டினார். எங்கேயும் புகை மாறவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த நாள் காலையில் அதே வாடை. அப்படியானால் தப்பு என் மூக்கில்தான் என்று நினைத்தேன். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இல்லாத வாடை தெரியும் என்று பக்கத்து வீட்டு அம்மாளும் சொன்னாள்.

இந்த நிலையில்தான் மேலாளர்களின் கூட்டம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

தீவில் இருந்த பனிக்கட்டி ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். குளிர்காலத்தில் வியாபாரம் மந்தமாக இருக்கும்போது, அவற்றின் மேலாளர்கள் ஏதாவது ஒரு ஆலையில் கூடுவார்கள். அதற்குப் பதிவோ தலைவரோ கிடையாது. ஒருவருடைய இயந்திரம் நின்றுபோனால் மற்றவர்கள் ரயிலில் ஐஸ் அனுப்பி அவருடைய வாடிக்கையைக் காப்பாற்றுவார்கள், இன்னொருவர் எல்லைக்குள் போய் விற்கமாட்டார்கள். அந்த வாக்குத்தான் சங்கம். அந்த வருடம் எங்கள் முறை. என் கணவர்தான் அவர்களில் வயதில் சின்னவர். ஒரு வாரமாக இயந்திரத்துக்குப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளிகள் ஆலையைச் சுற்றிப் பார்ப்பார்கள், குழாயைத் தொட்டுப் பார்ப்பார்கள், "நல்லா ஓடுது" என்று மட்டும் சொல்வார்கள். குறை கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் வாய் திறக்கமாட்டார்கள். திரும்பிப் போகையில் ரயிலடியில் அந்த ஆலையின் மேலாளரைத் தனியே அழைத்துச் சொல்வார்கள். ஆலையில் சொன்னால் வேலையாட்கள் காதில் விழும், பிறகு முதலாளி காதுக்குப் போகும், ஒருவன் பிழைப்பு கெட்டுவிடும். இதை என் கணவர் கல்யாணமான புதிதில் எனக்குப் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

வந்த ஐந்து பேரும் வராந்தாவில் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு தீவு மொழியான கிரியோலில்தான், நான் தமிழில் எழுதுகிறேன். அவர்களுக்குள் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர்தான் பேர். போர்ட் லூயிஸ்காரர் எல்லோருக்கும் மூத்தவர், கனத்த உடம்பு, மெதுவாகப் பேசுவார். மாஹேபூர்காரர் வாயாடி.

"அமோனியா சிலிண்டர் கப்பல்ல வந்து இறங்கியாச்சு. துறைமுகத்துல கிடக்கு. எங்கிட்ட மட்டும் வரல," என்றார் ஒருவர்.

"உன் சிலிண்டர் பரவால்ல. என் ஐஸை ரயில்காரன் வெயில்ல இறக்கிவச்சுட்டு ஸ்டேஷன் மாஸ்டரோட சீட்டு ஆடறான். மீன்காரனுக்குச் சாக்கும் சக்கையும்தான் போய்ச் சேருது."

"துரை வீட்டுல மண்ணெண்ணெய்ல ஓடற குளிர்பெட்டி வந்திருக்கு, பாத்தீங்களா? நெருப்பு வச்சு ஐஸ் பண்ணுதாம்."

"நெருப்பு வச்சா?" என்றார் மாஹேபூர்காரர். "அப்ப என் மாமியாரையும் அதுக்குள்ள வச்சுப் பாக்கணும். சூடா இருக்காங்க, குளிர்றாங்களான்னு தெரிஞ்சுடும்."

உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்த அத்தைக்கு இது கேட்டது. "நல்ல மாப்பிள்ளை," என்றார்கள் என்னிடம், ஏதோ நான் சொன்னது போல.

சாப்பாடு முடிந்ததும் போர்ட் லூயிஸ்காரர் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றார். எல்லோரும் எழுந்து எங்கள் படுக்கையறைக்கு வந்தார்கள். சன்னல் சாத்தியிருந்தது. அன்றைக்கு வாடை எனக்கு எப்போதையும்விட அதிகமாகத் தெரிந்தது. அவர்களோ அதன் நடுவில் சாவகாசமாக நின்றுகொண்டு, தொட்டிலுக்குள் குனிந்து நாக்கைச் சொடுக்கிக் காட்டினார்கள். ஒருவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. குழந்தை தும்மினாள், இன்னொரு முறை தும்மினாள்.

அந்த நொடியில் எனக்கு இரண்டு எண்ணம். ஆயுசெல்லாம் அமோனியாவோடு இருக்கிற இத்தனை பேருக்குத் தெரியாத வாடை எனக்கு எப்படித் தெரியும்? இது ஒன்று. ஆயுசெல்லாம் அதோடு இருப்பதால்தான் இவர்களுக்குத் தெரியவில்லையோ? இது மற்றொன்று. முதல் எண்ணம் சரியென்றால் நான் வாய் திறப்பது என் கணவரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது. இரண்டாவது சரியென்றால் நான் சும்மா இருக்கும் ஒவ்வொரு நாளும் குழந்தையின் நெஞ்சுக்குக் கேடு. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது நினைத்தாலும் தைரியத்தால் பேசினேன் என்று சொல்லமாட்டேன். அவர்கள் வெளியே கிளம்பிவிட்டால் பிறகு கேட்க ஆளில்லை என்ற பயத்தில் பேசினேன்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போர்ட் லூயிஸ்காரரிடம் சொன்னேன்: "ஐயா, உங்க சட்டைப்பையில கந்தகத் திரி இருக்குமா? இந்த அறையிலயும் ஒரு தடவை காட்டிட்டீங்கன்னா என் மனசு ஆறிடும்."

என் கணவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அத்தைதான் ஓடிவந்தார்கள்.

"அது ஒண்ணுமில்ல ஐயா! குழந்தைத் துணி. இவ சரியா அலசறதில்ல."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாஹேபூர்காரர், "மதாம், நாங்க அஞ்சு பேரும் மோந்தாச்சு. எங்க மூக்குக்கு மேல ஒரு மூக்கா?" என்றார்.

"உங்க மூக்கு பழகின மூக்கு," என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

போர்ட் லூயிஸ்காரர் சிரிக்கவில்லை. என் கணவரைப் பார்த்து, "இது முன்னாடி என்ன அறை, தம்பி?" என்று கேட்டார்.

"உப்பு அறை."

"குழாய் எப்படிப் போகுது?"

என் கணவர் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தித் தொட்டிலுக்கு மேலே காட்டினார். சுவரும் கூரையும் சேரும் மூலையில் நீளமாகப் பலகை அடித்திருந்தது. சுண்ணாம்பு அடித்தபோது அதற்கும் சேர்த்து அடித்திருந்தோம். கொட்டகையிலிருந்து பின்முற்றத்துக்குப் போகும் அமோனியாக் குழாய் அந்தப் பலகைக்கு உள்ளேதான் போயிற்று. வருஷக்கணக்காக உப்பு மூட்டைகள் கூரை வரை அதை உரசிக்கொண்டு கிடந்த அறை. அவர் இயந்திரத்தில் தேடினார், தொட்டியில் தேடினார். வீடாகிவிட்ட அறையில் ஆலை இருக்கிறது என்பது அவர் நினைவில் இல்லை. எங்கள் இருவர் நினைவிலும் இல்லை.

நான் குழந்தையோடு வராந்தாவுக்குப் போய்விட்டேன். கதவு வழியாகப் பார்த்தேன். போர்ட் லூயிஸ்காரர் நாற்காலி மேல் ஏறித் திரியைப் பலகை இடுக்கில் காட்டினார். நீலமாக ஓடிக்கொண்டிருந்த புகை சட்டென்று வெளுத்து, பஞ்சு மாதிரி திரண்டது. என் கணவர் கொட்டகைக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்றது. மாஹேபூர்காரர் கோட்டைக் கழற்றிவிட்டு, ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு பலகையைப் பெயர்த்தார். உள்ளே குழாய் உப்பு பட்டுப் பொரிப்பொரியாகத் துருவேறியிருந்தது. கைவிரலால் தட்டினால் செதில் உதிர்ந்தது.

"பலகை வாடையைக் கொஞ்சம் பிடிச்சு வச்சிருக்கு," என்றார் பெரியவர். "குழாய் முழுசா விட்டிருந்தா..." என் அத்தையைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. அத்தை குழந்தையை என் கையிலிருந்து வாங்கி, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துத் துடைத்து விட்டார்கள்.

அவர்கள் ரயில் ஏறப் போனபோது என் கணவரும் கூடப் போனார். திரும்பி வந்ததும், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. அதான் எல்லாத்தையும் நீ இங்கயே சொல்லிட்டியே." கோபமா, கிண்டலா என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி, "நாளைலேருந்து அஞ்சு ஊர் ஐஸும் நமக்கு வருது. குழாய் மாத்தற வரைக்கும்," என்றார்.

வந்தது. எங்கள் மீன்காரர்களுக்கு ஒரு நாள்கூட ஐஸ் நிற்கவில்லை. புதுக் குழாயை அறைக்கு வெளியே சுற்றி எடுத்துப் போனார்கள். வேலை முடிந்ததும் என் கணவர் என்னைக் கூப்பிட்டு அறையின் நடுவில் நிறுத்தினார்.

"வருதா?"

"இல்ல."

"நிச்சயமா?"

நிச்சயம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதிலிருந்து தினமும் காலையில் எஞ்சினை ஓட்டும் முன்பு என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போவார். நான் மோந்து பார்த்துச் சொல்வேன். அவர் என்னை நம்பியது எனக்குப் பெருமைதான். ஆனால் ஒரு மாதம் கழித்து ஒரு நாள் கொட்டகைக்குள் நின்றபோது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, வெளியிலிருந்து வந்த லிமோனாத் கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். சிலிண்டர் மாற்றியிருந்தார்கள், கொஞ்சம் சிந்தியிருந்தது, அவ்வளவுதான். என் மூக்கும் பழகிவிட்டது. மகளுடையதும் பழகும். அப்புறம் அந்த வீட்டில் தும்மக்கூட ஆளிருக்காது.

அன்றைக்கே கணவரிடம் சொன்னேன்: "நாம வேற வீட்டுக்குப் போகணும்."

"முதலாளி ஒத்துக்கமாட்டார். எஞ்சின் சத்தம் கேக்கணும்."

"சத்தத்த நீங்க கேளுங்க. குழந்தை கேக்க வேண்டாம்."

நான் அவசரப்பட்டேனோ, குடும்பத்தைப் பிரிக்கிறேனோ என்று பல நாள் யோசித்தேன். எனக்காகப் பேசியது, நான் நினைக்காத ஆள். "குழந்தை அங்க படுக்கக் கூடாது," என்று அத்தை மகனிடம் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், சவுக்கு மரங்களை ஒட்டி ஒரு மரவீடு கிடைத்தது. காற்று நேராக வந்தால் எஞ்சின் சத்தம் கேட்கும், இல்லாவிட்டால் கேட்காது. முதலாளியிடம் கேட்கும் என்றே சொன்னோம்.

என் கணவர் மதியம் சாப்பிட வருவார். வந்ததும் மகளைத் தூக்கப் போவார். அவள் கையை நீட்டுவாள், கிட்டே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்முவாள். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கிணற்றடிக்குப் போவார்.