தேனீப் பெட்டியை மூடி வைத்த பகல்

என் 1998ஆம் ஆண்டு நாட்குறிப்பில் சித்ரா பௌர்ணமிப் பக்கத்தில் இரண்டே வரிகள்: "காலை 5.30, பெட்டி வாசலை மூடினேன். பிற்பகல் 2.40, திறந்தேன்." மொட்டைமாடி வெப்பத்தைத் தினமும் மூன்று வேளை குறிப்பவன் நான். அன்று அதைக் குறிக்கவில்லை.

வேலை மாற்றலில் மதுரைக்கு வந்து, கோரிப்பாளையத்தில் ஒரு வீட்டின் மாடி அறையில் தனியாக இருந்தேன். அறைக்கு வெளியே, கீற்று நிழலில் ஒரு தேனீப் பெட்டி. தை மாதத்தில் டி. கல்லுப்பட்டிக்காரர் ஒருவரிடம் வாங்கியது. அலுவலகம் விட்டு வந்தால் பேச ஆள் கிடையாது. பெட்டி முன் நாற்காலி போட்டு, எத்தனை ஈ மகரந்தத்தோடு திரும்புகிறது, எத்தனை தண்ணீர்ச் சட்டிக்குப் போகிறது என்று எண்ணுவேன். கோடையில் தண்ணீருக்குப் போவதே அதிகம். கொண்டுவந்த நீரை அடைகளில் துளித்துளியாகப் பரப்பிவிட்டு, வரிசையாக நின்று சிறகால் விசிறும். அடைக்குள் வளரும் இளம் புழுக்கள் வெந்துவிடாமல் காப்பது அந்த வேலைதான்.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வீட்டுக்காரர்களின் உறவெல்லாம் உசிலம்பட்டியிலிருந்து வந்து மாடியில்தான் தங்கும். முதல் நாள் மாலை வீட்டுக்கார அக்கா மேலே வந்தார்.

"சார், நாளைக்கு ஒரு நா மட்டும் அந்த ஈப் பெட்டிய மூடி வைங்களேன். பிள்ளைகளக் கொட்டிருச்சுனா எங்க நாத்தனா வருசம் பூரா என்னையக் கொட்டுவா."

"வெயிலு கடுமையா இருக்கேக்கா."

"மத்தியானத்துக்குள்ள கெளம்பிருவாக. நீங்களும் கீழ வந்து எங்களோட சாப்பிடுங்க. தனியா என்னத்தப் பொங்கித் திங்கப் போறீக?"

விடியுமுன் கம்பி வலையால் வாசலை அடைத்தேன்.

மதியம் பந்தியில் இருபது பேருக்கு நடுவே எனக்கும் இலை போட்டார்கள். "மாப்ள, இம்புட்டுத்தானா? இன்னும் கொஞ்சம் சோறு வாங்குங்க" என்றார் பரிமாறிய பெரியவர். உறவுக்காரன் என்று நினைத்திருப்பார். நான் திருத்தவில்லை. பன்னிரண்டரைக்கே பிள்ளைகள் கீழே இறங்கி வந்துவிட்டார்கள். எழுந்து போய் வலையை எடுத்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் இருந்தவர் என் ஊரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி யாரும் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

திறந்தபோது பெட்டிக்குள் விசிறும் இரைச்சல் இல்லை. இரண்டு அடைகள் இளகிச் சரிந்து கிடந்தன. அடித்தட்டில் தேனில் நனைந்து ஒட்டிய ஈக்கள், குவியலாக. ராணி மட்டும் உயிரோடு நடந்துகொண்டிருந்தது. அது போதும், மீண்டுவிடும் என்று எண்ணினேன்.

முட்டையும் இட்டது. ஆனால் மூன்று வாரம் கழித்து, வேலைக்கார ஈக்களுக்கான சிறிய அறைகளில் மூடிகள் மேடாக எழும்பி, நடுவில் ஊசித் துளையோடு இருந்தன. உள்ளே வளர்ந்தவை ஆண் ஈக்கள். அவை நீர் கொண்டுவராது, விசிறாது, புழுவுக்கு ஊட்டாது. புதிய ராணியை வளர்க்கவும் பெண் முட்டை வேண்டும். அது ஒன்றுகூட இல்லை.

ராணி இளமையில் சில நாள் மட்டுமே ஆண் ஈக்களோடு கூடி, அவற்றின் விந்தை வாழ்நாள் முழுக்க உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். விந்து சேராத முட்டை ஆண் ஈயாகவே வளரும். கடும் சூட்டில் அந்தச் சேமிப்பு கெட்டுப்போகலாம் என்று நூலகத்தில் பிறகு படித்தேன். முதிர்ந்த ராணிக்கு அது தானாகவே தீர்ந்துபோவதும் உண்டு. இரண்டில் எது என்று அறிய கல்லுப்பட்டிக்குப் போய், பெட்டி விற்றவரிடம் ராணியின் வயதைக் கேட்டேன்.

"அண்ணே, அதுக்கென்ன ரேசன் கார்டா இருக்கு, வயசு பாக்க?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மழைக்குப் பெறகு வாங்க, வேற ராணி தாரேன்" என்றார்.

மழை வரை பெட்டி தாங்கவில்லை. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எண்ண எதுவும் வரவில்லை.

"ஈயெல்லாம் எங்க சார்?" என்று அக்கா கேட்டார்.

"போயிருச்சுக்கா" என்றேன். அடுத்த ஆண்டும் சாப்பிடக் கூப்பிட்டார். போனேன்.

அந்த ராணி முதிர்ந்ததா, அல்லது நான் பந்தியில் இருந்த அந்த இரண்டு மணி நேரத்தில்தான் கெட்டதா என்பது இதுவரை உறுதியாகவில்லை.