இடது ஓரத்துக் கம்பி

இது கட்டிய கதை இல்லை. ராக்கப்பன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை; சொன்னாலும் அரை நிமிடத்தில் மாட்டிக்கொள்கிற ஆள். பேய் என்றால் ராத்திரி, மழை, நாய் ஊளை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அதை இப்போதே ஓரமாக வைத்துவிடுங்கள். இது நடந்தது ஷார்ஜா தொழில்பேட்டையில், பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கிற ஆடி வெயிலில்.

ராக்கப்பனுக்குப் பரமக்குடி பக்கம். தச்சு வேலை. நாட்டை விட்டுப் போகிற குடும்பங்கள் தள்ளிவிடுகிற பழைய பியானோக்கள் அவர் வேலை பார்க்கும் தகரக் கொட்டகைக்கு வரும். அங்கே பிரித்து எடுப்பார்கள். பலகை புத்தக அலமாரியாகும். இரும்புச் சட்டம் காயலான் கடைக்குப் போகும். தடித்த கம்பிகளில் சுற்றியிருக்கும் செம்பு தனியாகப் போகும். “நாங்க பியானோவுக்குக் கசாப்புக் கடை வெச்சிருக்கோம்” என்று ராக்கப்பனே சிரித்துக்கொண்டு சொல்வார். இப்போது சொல்வதில்லை.

கம்பி கழற்ற ஒரு முறை உண்டு. ஒரே கம்பியை முழுசாகத் தளர்த்தக் கூடாது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றுச் சுற்றாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் சட்டம் விரிசல் விடும், கம்பி முகத்தில் அடிக்கும். அந்த ஆடியில் வந்த ஒரு கறுப்புப் பியானோவிலும் ராக்கப்பன் அப்படித்தான் ஆரம்பித்தார். இடது ஓரத்து முதல் கம்பியில் திருகுசாவியைப் போடப் போனார். சாவி படவே இல்லை. கம்பி தானாகக் கையோடு வந்துவிட்டது.

மற்ற கம்பிகளில் செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. இது மட்டும் புதுசு போலப் பளபளத்தது. தொட்டால் குளிர்ந்தது. அந்த வெக்கையில் குளிர்ச்சி! அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனுஷனுக்கு நினைப்பெல்லாம் மகள் மேல்.

மகள் பெயர் சம்யுக்தா. ஊரில் யார் வாயிலும் நுழையாததால் சம்மு. இரண்டு வயது. ராக்கப்பன் அவளை இன்னும் ஒரு தடவை கூடத் தூக்கியதில்லை. போனில் பார்த்ததோடு சரி. கொஞ்ச நாளாகக் குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டு அலறுகிறாள் என்று மனைவி ஜோதிமணி புலம்பிக்கொண்டிருந்தாள். பயந்த பிள்ளைக்குச் செப்புக் காப்பு போடுவது அவர்கள் வீட்டு வழக்கம். கடையில் வாங்குவதைவிட அப்பன் கையால் முறுக்கிப் போட்டால் இன்னும் விசேஷம் இல்லையா? அந்தக் கம்பியின் செம்பைப் பிரித்தார். சின்னதாக ஒரு காப்பு முறுக்கினார். லீவில் ஊருக்குப் போன ரூம்காரர் முரளிதரனிடம் கொடுத்தனுப்பினார்.

காப்பு போய்ச் சேர்ந்தது. குழந்தை கையில் ஏறியது.

அடுத்த வெள்ளிக்கிழமை. லாரி ஓட்டும் ஷம்சாத் பாயும் மற்றவர்களும் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார்கள். தெரு முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. கொட்டகையில் ராக்கப்பன் மட்டும். அந்தப் பியானோவில் மிச்சம் இருந்தது கறுப்பு வெள்ளைக் கட்டைகளின் வரிசைதான். ஒரு காபிக் கடைக்காரர் தன் மேசையில் பதிக்கக் கேட்டிருந்ததால் அதைச் சுவரோரம் வைத்திருந்தார்கள். கம்பி கிடையாது. சட்டம் கிடையாது. சத்தம் வர அதில் ஒன்றுமே கிடையாது.

போனைப் பலகையில் சாய்த்து வைத்து வீட்டுக்குக் கூப்பிட்டார். சம்மு திரையில் வந்தாள். கையில் காப்பு.

“நல்லாருக்காளா ஜோதி? ராத்திரி அழுகுறாளா?”

“இல்லங்க. காப்பு போட்டதுலேருந்து அழுகையே இல்ல. என்னமோ பாடிக்கிட்டே இருக்கா.”

ராக்கப்பனுக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்போதுதான் கேட்டது.

டொக்.

தகரம் வெயிலில் விரிகிற சத்தம் என்று நினைத்தார்.

டொக்… டொக்… டொக்…

சுவரோரத்திலிருந்து. கட்டை அமுங்கி எழும் சத்தம். மூன்று தட்டு, பிறகு ஒரு இடைவெளி. மறுபடி மூன்று, மறுபடி இடைவெளி. யாரோ எதற்கோ காத்திருக்கிற இடைவெளி.

எலி, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

டொக்… டொக்… டொக்…

“ம்ம்ம்ம்…”

இது போனிலிருந்து.

சம்மு. வாய் மூடியிருந்தது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு வரக்கூடாத அடிக்குரல்.

டொக்… டொக்… டொக்…

“ம்ம்ம்ம்…”

விட்ட இடத்தைக் குழந்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவர் எடுத்த கம்பியின் இடத்தை.

“பாத்தீங்களா, இதான் பாட்டு” என்று ஜோதிமணி சிரித்தாள்.

சம்மு அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். காப்புப் போட்ட கையை மெல்ல நீட்டினாள்.

“அக்கா… கை…”

ராக்கப்பன் திரும்பினார்.

யாரும் இல்லை.

இடது ஓரத்துக் கட்டை மட்டும் கீழே அமுங்கியிருந்தது.

எழவில்லை.

“ஜோதி! அந்தக் காப்ப வெட்டு! இப்பவே வெட்டு!”

“ஏங்க? என்னாச்சு…”

“வெட்டுடீ!”

ஜோதிமணி பயந்துபோய் கட்டிங் பிளேயரை எடுத்து வந்தாள். செம்பு அறுபடும் சத்தம் போனில் கேட்டது. சுவரோரத்தில் கட்டை மெதுவாக மேலே எழுந்தது… யாரோ விரலை எடுத்துக்கொண்ட மாதிரி.

ஷம்சாத் பாய் திரும்பி வந்தபோது ராக்கப்பன் வெளியே கொளுத்துகிற வெயிலில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். பாய் வாணியம்பாடிக்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். தண்ணீர் கொடுத்து விஷயத்தை முழுசாகக் கேட்டார். பிறகு முகம் சுருங்கியது.

“இடது ஓரத்துக் கம்பியா? நல்லா ஞாபகம் இருக்கா ராக்கப்பா?”

“நான்தானே பாய் எடுத்தேன்.”

பாய் போனில் ஒரு படத்தைக் காட்டினார். லாரியில் ஏற்றுமுன், பியானோ எடுத்த வீட்டிலேயே, முன்பலகையைக் கழற்றி எடுத்த படம். உள்ளே எல்லாக் கம்பியும் இருந்தது. இடது ஓரத்தில் மட்டும் வெற்று ஆணி.

அந்த இடத்தில் கம்பியே இல்லை.

அந்த வீட்டு அம்மா லெபனான்காரர், கிறிஸ்தவர். பாய் அவருக்குப் போன் போட்டு, தனக்குத் தெரிந்த அரபியில் கேட்டார். அந்த அம்மாவுக்கு ஒரே மகள். தனியாகத் தூங்கப் பயப்படுவாளாம். பயம் வந்தால் எழுந்து போய் அந்த இடது ஓரத்துக் கட்டையை அமுக்குவாள். சத்தம் கேட்டு அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். காய்ச்சலில் போய்விட்டாள். பயப்படாமல் இருக்கட்டும் என்று அந்தக் கம்பியை அம்மாவே கழற்றி, மகளின் மணிக்கட்டில் காப்பாகச் சுற்றி, சவப்பெட்டியை மூடினார்களாம்.

“மண்ணுக்குள்ள இருக்குறது இங்க எப்பிடி வரும் பாய்?”

பாய் லாரிச் சாவியை எடுத்தார். அந்தக் கட்டை வரிசையை அன்றே கொட்டகையை விட்டு வெளியேற்றினார்.

அன்று மாலையே ஜோதிமணி காப்புத் துண்டுகளை ஊருணியில் வீசிவிட்டாள். அந்த வாரம் முழுக்க ராக்கப்பன் தினமும் கூப்பிட்டு விசாரித்தார். பாட்டு நின்றுவிட்டது. குழந்தை நன்றாகச் சாப்பிட்டாள், விளையாடினாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடைசியாகக் கேட்டார்.

“ராத்திரி பயப்படுறாளா ஜோதி?”

“அட, சுத்தமா இல்லீங்க. அசந்து தூங்குறா. ஒரு கைய மட்டும் படுக்கைக்கு வெளிய நீட்டி, விரல மடக்கி வெச்சுக்கிட்டு. என் கையின்னு நெனப்பு போல.”

“நீ அந்தப் பக்கமா படுக்குற?”

“நான் இந்தப் பக்கம்லங்க படுக்குறேன்” என்றாள் ஜோதிமணி. “அந்தப் பக்கம் சுவருதான இருக்கு.”