பென் டிரைவில் கொண்டுபோன என்வைரன்மென்ட்

1. மில்லில்

"என்ன மகள், இது ஓடுமா? இல்ல நாங்க எங்கட பாட்டுல நெல்லப் பாக்கட்டா?"

நிந்தவூரில் நெல் மில் வைத்திருக்கும் ஹாஜியார் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஸிபானாவின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன. திரையில் ஒரே ஒரு வரி: No Python at. அதற்குப் பின்னால், நிந்தவூரில் இல்லாத ஒரு முகவரி.

ஸிபானா அட்டாளைச்சேனைக்காரி. கல்முனையில் எங்கள் சின்ன சொப்ட்வேர் ஒபிஸில் பயிற்சிக் காலத்தில் இருந்தாள். அந்தப் புரோகிராமை அவள் தனியாக எழுதினாள். நெல் மாதிரியை வெள்ளைத் தட்டில் பரப்பிப் படம் எடுத்தால், பதர் எவ்வளவு, கறுத்த மணி எவ்வளவு என்று சொல்லும். அறுவடை தொடங்கினால் மில் வாசலில் நடக்கும் வாக்குவாதம் குறையும் என்று ஹாஜியாருக்கும் ஆசை இருந்தது. ஒபிஸை நடத்தும் எங்கள் சேர் அவளிடம் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்: "ஹாஜியார் ஓம் எண்டா நீ பேர்மனன்ட். இல்லாட்டி அடுத்த மாசம் கஷ்டம்."

அவளுக்குத் துணையாக, அவள் ராத்தா என்று கூப்பிடும் மூத்தவளான நான் போயிருந்தேன்.

மில்லுக்கு நெல் பார்த்து வாங்குகிறவர், எல்லோரும் நானா என்று கூப்பிடும் அண்ணன், பக்கத்தில் நின்றார். ஒரு பிடி நெல்லை அள்ளி, ஊதி, எங்கள் முன்னால் நீட்டினார். "இந்தா, நான் பாத்து முடிஞ்சி. எனக்குக் கம்பியூட்டரும் வேணா, கரண்டும் வேணா."

எல்லோரும் சிரித்தார்கள். ஸிபானாவும் சிரிக்கப் பார்த்தாள்.

2. எங்கள் ஒபிஸ் வழக்கம்

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்காக இதை எழுதுவதால், அடிப்படையிலிருந்து சொல்கிறேன். வேர்ச்சுவல் என்வைரன்மென்ட் என்பது ஒரு புரொஜெக்டுக்குத் தேவையான பைதன் மொழியின் பெக்கேஜ்களை, அதாவது துணைப் புரோகிராம்களை, மற்றப் புரொஜெக்டுகளோடு கலக்காமல் வைக்கும் ஒரு போல்டர். பார்த்தால் எல்லாம் அதற்குள்ளேயே இருப்பது போலத் தோன்றும். ஆனால் பைதன் அதற்குள் முழுமையாக இல்லை. அந்த மெஷினில் பைதன் எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கிறது.

எங்கள் ஒபிஸில் இது யாருக்கும் உறைக்கவில்லை. இணைய லைன் மெதுவானது, டேட்டா பாதி மாதத்தில் முடிந்துவிடும். ஆகவே ஒருவர் pip என்ற கருவியை வைத்து இன்ஸ்டோல் செய்தால், மற்றவர்கள் அந்த போல்டரை அப்படியே பென் டிரைவில் வாங்கிக்கொள்வோம். நோன்பு காலத்தில் கஞ்சி பக்கத்து வீட்டுக்குப் போவதுபோல என்வைரன்மென்ட் மேசைக்கு மேசை போகும். எல்லா மெஷினிலும் ஓடும். ஏனென்றால் சேர் எல்லா மெஷினையும் ஒரே நாளில், office என்ற ஒரே யூசர் பெயரில், ஒரே இடத்தில் பைதன் போட்டு அமைத்திருந்தார். முகவரி எங்கும் பொருந்தியது.

அதே போல்டரைத்தான் மில்லுக்கும் கொண்டுபோனோம். ஆனால் அங்கே கம்பியூட்டரில் யூசர் பெயர் rice. பைதனே இல்லை.

3. அன்று செய்தவை

முதலில், பைதனை இறக்கினோம். என் போனிலிருந்து ஹொட்ஸ்பொட். மில்லின் தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் வராது என்பதால், போனை வாசலில் மூட்டை அடுக்கின் மேல் வைத்தோம். அவசரத்தில் கடைசியாக வந்த பைதனைப் போட்டோம். அது இரண்டாவது பிழை.

புதிய என்வைரன்மென்ட் ஒன்று செய்து, பெக்கேஜ்களை இன்ஸ்டோல் செய்யத் தொடங்கினோம். எங்களுக்கு வேண்டிய பழைய பதிப்புக்கு அந்தப் புதிய பைதனில் தயாராகக் கட்டிய வீல் கோப்பு இல்லை. pip மூல நிரலை எடுத்துத் தானே கட்டப் பார்த்தது. கட்டுவதற்கு வேண்டிய சி பிளஸ் பிளஸ் கம்பைலர் இல்லை என்று திரை முழுக்கச் சிவப்பு.

"ராத்தா, நான் என்னமோ பிழையாச் செஞ்சிட்டன் போல."

"நீ ஒண்டும் செய்யல்ல. கீழ இரிக்கிற கடைசி வரிய மட்டும் வாசி. மேல உள்ளதப் பாத்துப் பயப்படாத."

எந்தப் பதிப்புகள் வேண்டும் என்று requirements.txt ஒன்றும் எங்களிடம் இல்லை. போல்டரே கையில் இருக்கும்போது பட்டியல் எதற்கு என்று இருந்துவிட்டோம். பென் டிரைவில் ஓடாமல் கிடந்த அந்தப் போல்டரைத் திறந்தேன். pyvenv.cfg என்ற சின்னக் கோப்பில் பழைய பைதனின் பதிப்பு இருந்தது. பெக்கேஜ் போல்டர்களின் பெயர்களிலேயே அவற்றின் பதிப்புகள் இருந்தன. ஸிபானா வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். சரியான பைதனை மறுபடி இறக்கினோம். பெரிய பெக்கேஜ் பாதியில் நின்றது. திரும்பவும் தொடக்கினோம். லுஹர், பகல் தொழுகை நேரமும் போனது. ஹாஜியார் தொழுதுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். பிறகு வரவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது புரோகிராம் ஓடியது. ஸிபானா தட்டில் நெல்லைப் பரப்பினாள். முடிவு சரியாக வந்தது. அவள் எழும்பி ஹாஜியாரைத் தேடி வாசலுக்குப் போனாள்.

வாசலில் முதல் லொறி வந்து நின்றது. ஹாஜியார் தராசுக்குப் பக்கத்தில் நின்றபடி கையைக் காட்டினார். "மகள், இப்ப ஏலா. நெல்லு வரத் தொடங்கிட்டு. அறுவடை முடியட்டும், பாப்பம்."

தட்டில் இருந்த நெல்லை அவள் திரும்ப மூட்டையில் கொட்டினாள்.

4. ஒபிஸில்

சேருக்கு விவரம் எல்லாம் சொன்னேன்.

"நம்மட ஒபிஸ்ல ஓடினது அங்க என்னத்துக்கு ஓடல்ல?"

"நம்மட மெஷின் எல்லாம் ஒரே மாதிரி சேர். அதாலதான் இவ்வளவு நாளும் ஓடினது."

"அது அவக்குத் தெரிஞ்சிரிக்கணுமே."

"நமக்கே தெரியாதே சேர்."

அவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "பாப்பம் எண்டா வேணா எண்டுதான் கருத்து. விடுங்க."

அறுவடை முடியும்வரை பொறுக்கலாம் என்று சொன்னேன். அவர் பொறுக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் ஸிபானா தன் தேத்தண்ணிக் கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். புரோகிராம் ஒபிஸ் மெஷினில் இருந்தது.

5. தேத்தண்ணி நேரம்

அறுவடை முடிந்து ஹாஜியாரே ஒபிஸுக்கு போன் கோல் எடுத்தார். சொன்ன சொல்லை அவர் மறக்கவில்லை.

இந்தத் தடவை நான் போல்டரைக் கொண்டுபோகவில்லை. பெக்கேஜ்களின் வீல் கோப்புகளை pip download மூலம் முன்கூட்டியே இறக்கி, பதிப்புப் பட்டியலோடும், சரியான பைதன் இன்ஸ்டோலரோடும் பென் டிரைவில் வைத்திருந்தேன். இணையம் இல்லாமலே, அங்கேயே புதிய என்வைரன்மென்ட் உருவானது. ஹாஜியார் வீட்டிலிருந்து வந்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் முன் திரையில் நெல் தெரிந்தது. அந்த நானாகூடக் குனிந்து பார்த்தார்.

ஹாஜியார் கதவுப் பக்கம் பார்த்தார். "மத்தப் புள்ள வரல்லியா? அதுதானே இத செஞ்ச?"

"ஓம் ஹாஜியார். அவ இப்ப எங்களோட இல்ல."

இப்போது புதிதாக வருபவர்களிடம் முதல் நாளே என்வைரன்மென்ட் போல்டரை அழிக்கச் சொல்கிறேன். "அழிக்கவா?" என்று எல்லோரும் ஒருமுறை கேட்பார்கள். அழித்துவிட்டுப் பட்டியலிலிருந்து திரும்பக் கட்ட முடிந்தால்தான் வேலை முடிந்தது. முடியாவிட்டால் அது நம் மேசையில் மட்டும் ஓடுகிற ஒன்று.

ஸிபானா அட்டாளைச்சேனையில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலைக்கு நிற்கிறாள். போட்டோகொப்பி, லெமினேட்டிங், ரீலோட். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது இறங்கினேன். மில்லில் புரோகிராம் ஓடுவதைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. பிறகு கேட்டாள்:

"இன்ஸ்டோல் பண்ண எவ்வளவு நேரம் எடுத்திச்சி ராத்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்" என்றேன்.

அவள் மெஷினிலிருந்து வந்த தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி, ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்தாள்.