கியர்க்காரியின் ஆயில்

தபால்காரரின் சக்கர நாற்காலியை வேனுக்குள் ஏற்றி, சக்கரங்களை வாரால் தரையோடு இறுக்கிக்கொண்டிருந்தாள் கியர்க்காரி. வாரை இழுப்பாள், கொக்கியைத் தட்டிப் பார்ப்பாள், மறுபடி இழுப்பாள். ஓய்வுபெற்ற தபால்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. ரத்தம் சுத்திகரிக்க ஒன்றுவிட்டு ஒரு நாள் மருத்துவமனைக்குப் போகவேண்டும். அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வண்டி அவளுடையது.

"பார்சலக் கட்டியாச்சா?" என்றார் தபால்காரர்.

"ஸ்டாம்பு மட்டும் ஒட்டணும் ஐயா. நாக்க நீட்டுங்க."

அவளுக்கு நாற்பது தாண்டியிருக்கும். கணவன் என்றைக்கோ வேறு குடித்தனம் போய்விட்டான். கேட்டால், "ரிவர்ஸ் கியர் போட்டுட்டான்" என்பதோடு சரி. பள்ளிக்கூட வேன், காய்கறி வண்டி எல்லாம் கூலிக்கு ஓட்டி, ஊரில் கியர்க்காரி என்று பேரெடுத்து, கடைசியில் இந்த டர்போ டீசல் வேனைச் சொந்தமாக வாங்கினாள். நோயாளிகளை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. வேன் நின்றால் அவள் அடுப்பு அணையும். தபால்காரரைப் போன்றவர்களுக்கு முறை தவறும். முறை தவறினால் உயிருக்கு ஆபத்து.

அதனால் எதில் சிக்கனம் பார்த்தாலும் இன்ஜின் ஆயிலில் பார்க்கமாட்டாள். முழு சிந்தெடிக் ஆயில்தான். டப்பாவைத் தானே கடையில் வாங்கி, அண்ணன் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுப்பாள். பட்டறைக்கு வரும் வண்டிக்கெல்லாம் டிரம்மிலிருந்து சாதா ஆயில் ஊற்றும் அண்ணனுக்கு அது கேலி.

"என் காரும் டர்போதான். டிரம் ஆயில்லதான் ஓடுது. உன் வண்டிக்கு மட்டும் ராஜ வைத்தியம்!"

"ஒடம்பு முடியாதவங்க ஏறுற வண்டிண்ணே."

பட்டறை அண்ணன் வீட்டு வாசலிலேயே இருந்தது. ஆயில் மாற்றும் நாளில் அவள் வண்டிப் பக்கம் நிற்கமாட்டாள். கூடப்பிறந்தவன் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தால், சந்தேகப்படுவதாக ஆகிவிடுமாம். அண்ணியும் நிற்க விடமாட்டாள். "வெயில்ல என்ன பண்ற? உள்ள வா, சோறு ஆறுது" என்று கையைப் பிடித்து இழுத்துப் போவாள். சாப்பிட்டு வெளியே வந்தால் வேலை முடிந்திருக்கும். காலி டப்பாவும் சாவியும் கைக்கு வரும். டீசல் இன்ஜினில் எப்பேர்ப்பட்ட ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும் என்பதால், ஆயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தும் அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

அன்று மேம்பாலம் ஏறும்போது வண்டிக்கு இளைத்தது. மிதிக்க மிதிக்க வேகம் வரவில்லை. முன்னால் சீட்டியடிப்பது போல ஒரு சத்தம், பின்னால் நீலப்புகை.

"தந்தியாக் கெளம்பி போஸ்ட் கார்டா ஆயிட்டியே" என்றார் தபால்காரர். அவள் சிரிக்கவில்லை.

அவரை மெஷினில் படுக்கவைத்ததும் என்னை அழைத்தாள். "கூட வாங்கம்மா. தெரியாத பட்டறைக்குப் பொம்பள தனியாப் போனா தலைல மொளகா அரைப்பானுங்க." அண்ணன் பட்டறை ஊரின் மறுகோடியில். வண்டி அவ்வளவு தூரம் தாங்காது என்று மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த பட்டறைக்குத் தள்ளாடிக்கொண்டு போனோம்.

அங்கே இருந்த மெக்கானிக் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். உள்ளே தார் காய்ச்சிய சட்டியின் அடி போலக் கறுப்பாக அப்பியிருந்தது.

"அக்கா, ஆயில் மாத்துற பழக்கமே இல்லையா?"

அவள் முகம் சுண்டிவிட்டது. "என்ன தம்பி பேசறீங்க? தவறாம மாத்தறேன். அதுவும் சிந்தெடிக்."

"சிந்தெடிக்கா?" அவர் நகத்தால் சுரண்டினார். கட்டியாகப் பெயர்ந்தது. "கறுப்பா இருக்கறது தப்பில்லக்கா. நல்ல ஆயிலும் கறுக்கும். ஆனா அழுக்கச் சொமந்துக்கிட்டே சுத்தும், மாத்தும்போது அதோட வெளிய வந்துடும். இது அங்கங்க ஒட்டிக் காஞ்சிருக்கு. இன்ஜினுக்குக் காத்த ஊதித் தர்ற டர்போ இருக்கே, அது நெருப்பா இருக்குற எடம். மட்டமான ஆயில் அங்க தீஞ்சு கரியாயிடும்."

டர்போவுக்கு ஆயில் போகும் சின்னக் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றிவிட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் இப்படித்தான் அடைத்துக்கொள்ளும். அங்கே நோயாளி பட்டினி. இங்கே டர்போ பட்டினி.

"இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா வண்டிய எடைக்குத்தான் போட்டிருக்கணும். நல்லவேள, தப்பிச்சிடும். எல்லாத்தையும் கழட்டிக் கழுவி, புதுக் குழாய் போட்டு வைக்கிறேன். நாளன்னைக்குக் காலைல ஆயிலோட வாங்க."

"கடைக்காரன் போலி டப்பாவக் கட்டிட்டான் போல."

"சீல ஒடைச்சது யாரு?"

"எங்கண்ணன்."

மெக்கானிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

கடைக்காரனைச் சும்மா விடக்கூடாது, அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கவேண்டும் என்று அண்ணன் வீட்டுக்குப் போகும் வாடகைக் காரில் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தாள். அண்ணன் விஷயத்தைக் கேட்டதும், "விடும்மா, எல்லாக் கடைலயும் கலப்படந்தான்" என்றார். அவர் கார் பக்கத்திலேயே நின்றது.

"உன் கார்ல டிரம் ஆயில் என்ன பாடு படுத்தியிருக்குன்னு பாப்போம்ணே. அந்தக் கருமத்த நீயும் பாரு."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

அதற்குள் பானட்டைத் தூக்கிவிட்டாள். ஆயில் மூடியைத் திருகி எடுத்து, கைப்பேசி விளக்கை உள்ளே அடித்தாள். விரலை விட்டு வழித்தாள். கறுப்பு ஆயில் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் அடியில் இரும்பு, துலக்கிய பாத்திரம் போலப் பளிச்சென்று இருந்தது. அவள் விரலையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டிரம் ஆயிலா இது?"

அண்ணன் கைத்துணியை மடித்தார். பிரித்தார். "ஒரே குடும்பம்தானே... உன்னுத என் கார்ல ஊத்திட்டு உனக்கு டிரம் ஆயிலப் போட்டேன். அதுவும் ஆயில்தானே? நீ ஓட்டுற ஓட்டத்துக்கு ஒன்னும் ஆகாதுன்னு..."

"முதுகுல பெரியவங்கள ஏத்திக்கிட்டு ஓடுற வண்டிண்ணே அது."

சத்தம் கேட்டு அண்ணி வாசலுக்கு வந்தாள். "வெயில்ல என்ன பண்ற, உள்ள..." என்று ஆரம்பித்தவள் திறந்திருந்த பானட்டைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

"உங்களுக்கும் தெரியுமா அண்ணி?"

அண்ணி தரையைப் பார்த்தாள். "அவருதான் உன்ன உள்ள கூப்பிட்டுக்கச் சொன்னாரு."

கியர்க்காரி மூடியைத் திருப்பி இறுக்கினாள், பானட்டைச் சாத்தினாள், நடந்தாள். வாடகைக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டே சொன்னாள். "ஆயில் போனாப் போகுது. எனக்குப் புடிக்கும்னு பாத்துப் பாத்துப் போட்டாங்கம்மா அந்தச் சோத்த."

நான் ஆறுதல் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். தபால்காரரை மெஷினிலிருந்து இறக்கும் நேரம் ஆகியிருந்தது. கைத்தாங்கலாகத் தூக்க அவள் கையும் வேண்டும்.

மெக்கானிக் சொன்ன நாளன்று காலை புது டப்பாவோடு அவர் பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் எல்லாவற்றையும் கழுவி மாட்டி வைத்திருந்தார்.

"உள்ள ஃபேனுக்குக் கீழ ஒக்காருங்கக்கா. டீ சொல்லியிருக்கேன்."

"டீ இங்க வரட்டும் தம்பி." ஒரு முக்காலியை இழுத்து வண்டியின் மூக்கருகே போட்டுக்கொண்டாள். டப்பாவை அவர் கையில் கொடுக்கவில்லை.

மனிதருக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. "என்ன நம்பமாட்டீங்களா?"

"நீங்க நல்லவர்தான். நான்தான் இனிமே இப்படி" என்றாள். சீலைத் தானே உடைத்து, புனலை வைத்து, கடைசிச் சொட்டு இறங்கும்வரை டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்ஜினை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டாள். பிறகு இருவரும் தபால்காரரை ஏற்றப் போனோம்.