ஊசியிலைக் காட்டுக் கணக்கில் எங்கள் பனைகள்

கனடாவின் வடக்கே, ஊசியிலைக் காடுகளில் மரங்களின் உயிர்த்திணிவைக் கணிப்பதுதான் என் தொழிலாக இருந்தது. மரத்தைத் தறித்து நிறுக்கத் தேவையில்லை. நெஞ்சுயரத்தில் அளவுநாடாவைச் சுற்றி, வந்த அளவைச் சமன்பாட்டில் போட்டால் மரம் எத்தனை கிலோ, அதில் காபன் எவ்வளவு என்று வந்துவிடும். மரத்திடம் அபிப்பிராயம் கேட்பதில்லை.

வேலை அலுத்து எங்கள் தீவான வேலணைக்குத் திரும்பி, பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டில் தனியாக இருக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணைக்கு வீட்டு வளவின் பின்பக்கத்தில் ஒரு மண்டபம் கட்ட ஆசை. எப்போதாவது வந்து நிற்பவருக்கு மண்டபம் எதற்கு என்று கேட்கக்கூடாது. வெளிநாட்டுக்காரர் கட்டுவதைக் கேள்வி கேட்கும் வழக்கம் எங்கள் தீவில் இல்லை. அங்கே நின்ற பனைகள்தான் இடைஞ்சல்.

"பனையைப் பாத்துக்கொண்டிருந்து என்ன செய்யப்போறாய்? தறிப்பம்" என்றார் தொலைபேசியில்.

எனக்கு அந்தப் பனைகள் வேண்டும். காற்றில் அவற்றின் ஓலைகள் சலசலப்பதுதான் அந்த வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை. இதைச் சொன்னால் அண்ணை சிரிப்பார். படித்த ஆள் ஆதாரத்தோடல்லவா பேச வேண்டும்? பனைகள் எவ்வளவு காபனைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று கணக்கு அனுப்புகிறேன் என்றேன்.

நாடாவோடு இறங்கினேன். நெட்டைப் பனைகளோடு சோலி இல்லை. அவற்றுக்கிடையே வடலிகளும் நின்றன. வடலி இளம்பனை, வாள்பல் விளிம்புள்ள பழைய கருக்குமட்டைகள் சுற்றிவர விரிந்து அடிமரத்தை மறைத்து நிற்கும். நெஞ்சுயரத்தில் சுற்று என்பது விதி. மட்டையை என்ன செய்வதென்று அதில் இல்லை. ஊசியிலை மரத்துக்கு ஏது மட்டை? மட்டையோடு சேர்த்தே சுற்றினேன். கையெல்லாம் கீறி இரத்தம் வந்தது. விஞ்ஞானம் என்றால் சும்மாவா? கூட்டுத்தொகை பெரிதாக வந்த சந்தோசத்தில், மரத்துக்கு மரம் ஒப்பிட்டுப் பாராமல், ஒவ்வொன்றின் பாரத்தையும் வரைபடமாகக் கீறி, நிறம் தீட்டி அனுப்பிவிட்டேன்.

அண்ணை உடனே தொலைபேசி எடுத்தார். குரலில் மரியாதை இருந்தது.

"ஓம், வடிவாச் செய்திருக்கிறாய். ஒவ்வொரு வடலியும் பெரிய பனையை விடப் பாரமாம். அப்ப வடலியள் நிக்கட்டும். நெட்டைப் பனையளை மட்டும் தறிச்சுப்போட்டு, மண்டபத்தைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுவம்."

"அண்ணை, கணக்குப் பிழை. வடலியளை மட்டையோட சேத்துச் சுத்திப்போட்டன்."

"கனடாக் கணக்கு எப்பிடிப் பிழைக்கும்?"

அதற்கு மேல் என்னிடம் விஞ்ஞானம் இல்லை. அழுகை வந்துவிட்டது.

"அண்ணை, எனக்கு அந்தப் பனையள் வேணும். அதுகள் இல்லாட்டி இஞ்ச தனிய இருக்க ஏலாது."



"சரி, அழாதை" என்றார். "அதையும் கணக்காப் போட்டு அனுப்பு, பாப்பம்."